முதுகுக்குப் பின்னால் ஒரு துடுப்பு

முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவனிடம் என்னத்தைப் பேரம் பேசுவது? மூன்று நாளாகச் சேர்மத்துரைக்கு இந்த ஒன்றுதான் பிடிபடவில்லை. பேரம் என்றால் எதிரே மூஞ்சி வேண்டும். எதிராளியின் கண் எந்தப் பக்கம் ஓடுகிறது, எச்சிலை எப்போது விழுங்குகிறான், "கட்டாது அண்ணாச்சி" என்று வாய் சொல்லும்போது கால் கட்டைவிரல் செருப்புக்குள் என்ன செய்கிறது, இதையெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் பழைய மோட்டார், பழைய பம்பு, பழைய ஜெனரேட்டர் என்று வாங்கி விற்று, சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிய வியாபாரத்தைத் தூத்துக்குடியில் நாலு பேர் அடையாளம் சொல்லும் சரக்குக் கிட்டங்கியாக ஆக்கியிருந்தார். இந்தக் கயாக் என்கிற சாமானில் அந்த வித்தை எதுவும் செல்லாது. முருங்கைக்காய் மாதிரி நீளமாக, ஒல்லியாக ஒரு படகு. அதில் முன்னால் ஒரு குழி, பின்னால் ஒரு குழி. முன்குழியில் தொப்பையும் மிதவைச் சட்டையுமாக இவர் செருகப்பட்டிருந்தார். பின்குழியில் கிளிட்டஸ், மணப்பாட்டுக்காரன், கட்டினால் இவனைத்தான் கட்டுவேன் என்று மகள் முத்துமாரி பிடிவாதம் பிடிக்கிற பையன். இவர் முதுகு அவனுக்குத் தெரியும். அவனுடைய எதுவும் இவருக்குத் தெரியாது. உவரியில் ஏறும்போதே சண்டை போட்டுப் பார்த்தார். "கார்ல ஓனர் பின்னாலதானல உக்காருவான்? நான் பின்னால இருக்கேன், நீ முன்னால போ." அவன் சிரிக்காமல் சொன்னான்: "சுக்கான் பின்சீட்டு ஆளு கால்ல இருக்கு அண்ணாச்சி. ஆனா முன்சீட்டு ஆளு போடுறதுதான் தாளம். நீங்க எப்படிப் போடுதியளோ அப்படித்தான் நான் போட முடியும்." தாளம் தன் கையில் என்றதும் கொஞ்சம் இறங்கினார். இறங்கியிருக்கக் கூடாது. முதல் பேச்சிலேயே இறங்கினால் பிறகு எங்கே ஏறுவது? இதோ, கடைசி நாள் காலை. கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி கிடக்கிறது. இடப்பக்கம் ஆளரவமே இல்லாத கரை, அதற்குப் பின்னால் தேரியின் சிவப்பு மணல்மேடு, அதன் தலையில் பனைகள். நேரே, எட்டத்தில், மணப்பாட்டுக் குன்றின் மேல் சிலுவைக்கோயில், வெற்றிலையில் சுண்ணாம்பு தொட்டு வைத்த மாதிரி. அந்தச் சுண்ணாம்புப் பொட்டுக்கு அந்தப் பக்கம், கரையில் மாரி நிற்பாள். பதிலைக் கேட்க நிற்பாள். பதில் இன்னும் இவரிடமே இல்லை.

எல்லாம் அவள் இழுத்துவிட்ட வேலை. பவளப்பாறை எங்கே செத்தது, எங்கே பிழைத்தது என்று கடலுக்குள் இறங்கிப் பார்க்கிற படிப்பு படித்தாள். படிக்க வைத்தது இவர்தான், பெருமையாக வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னதும் இவர்தான். அந்த வேலைக்குப் படகு கொண்டு வந்தவன் மேல் ஆசை வைக்கச் சொன்னது யார்? கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தேய்த்த சட்டையும் ஒரு பெட்டி மக்ரூனுமாக வீட்டுக்கு வந்தான். மக்ரூனுக்குப் பேர்போன தூத்துக்குடியில் இருக்கிறவன் வீட்டுக்கே மக்ரூன் வாங்கிக்கொண்டு வருகிறவனை என்ன சொல்வது! "மாமா, நான் ஆளுங்கள கயாக்ல கூட்டிட்டுப் போயி, ஆளில்லாத கரையில டென்ட் போட்டுத் தங்க வச்சு..." என்று ஆரம்பித்தான். "எலேய், யாருக்கு யாரு மாமா? இன்னொரு தடவ அந்த வார்த்தை ஒன் வாயில வந்துச்சு, பல்லத் தட்டிருவேன். தொட்டியில ஆள வச்சுத் தள்ளுறதெல்லாம் ஒரு பொழைப்பா?" வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன், என்பதும் உள்ளே இருந்தது, சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு என்ன பேசுவார்கள் என்பதும் இருந்தது, ஆனால் அதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னால் பேச்சு அதிலேயே நின்றுவிடும் என்று பிழைப்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு எழுந்தார். "இது சரிப்படாது" என்று எழுந்து நடந்தார். அதுதான் அவருடைய கடைசி ஆயுதம், இத்தனை வருஷத்தில் அரிதாகவே பொய்த்தது. சரக்கைக் கீழே வைத்துவிட்டு, வேட்டியைத் தட்டிவிட்டு, அவசரமே இல்லாமல் நடக்க வேண்டும். வேகமாக நடந்தால் கோபம் என்று விட்டுவிடுவான். நின்று நின்று போனால் நடிப்பு என்று கண்டுகொள்வான். நடுவாந்தரமாக, வண்டிச் சாவியைத் தேடுகிறவன் போல. வாசலைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து குரல் வரும், "அண்ணாச்சி, நில்லுங்க, பேசுவோம்." முதல் கூப்பாட்டுக்குத் திரும்பக் கூடாது. இரண்டாவதற்கு நடையைக் குறைக்கலாம். அன்றைக்குக் கூடத்திலிருந்து நடந்தார், முன்னறையைத் தாண்டினார், கேட்டுப் பக்கத்தில் நின்ற செம்பருத்தியை முன்பின் பார்க்காத மாதிரி குனிந்து பார்த்தார், ஒரு பழுத்த இலையைக் கிள்ளினார். யாரும் கூப்பிடவில்லை. கேட்டது பையின் ஜிப் இழுபடுகிற சத்தம். மாரி அவரைத் தாண்டி வெளியே போனாள். "வாரேம்மா" என்றாள், அம்மாவிடம். மாசியும் வந்துவிட்டது, அவள் வரவில்லை. செம்பருத்திக்கு மட்டும் பழுத்த இலை விழுந்துகொண்டே இருந்தது, அந்தச் செடியைப் பார்த்தாலே எரிச்சல்.

"கடையில எந்திரிச்சு நடக்க மாதிரி வீட்லயும் எந்திரிச்சு நடந்தா?" என்று தங்கபுஷ்பம் சாம்பார் ஊற்றும்போதெல்லாம் கேட்டாள். இவர் பெண்டாட்டிக்கு ஒரு பழக்கம், குத்துவதை எப்போதும் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் வைப்பாள். "என்ன சரக்கு விக்கவா வந்தாங்க? ஒங்க மகதான அவ? ஒங்களுக்கு மேல ரெண்டு மொழம் கூடுதலாவே நடப்பா." கடைசியில் அம்மா வழியாக மகளிடமிருந்து சேதி வந்தது: அப்பாவுக்கு அது விளையாட்டாகத் தெரிந்தால் மூன்று நாள் அவனோடு கடலில் போய்ப் பார்க்கட்டும். உவரியில் ஏறி மணப்பாட்டில் இறங்கட்டும். நான் கரையில் நிற்பேன். சரி என்றால் வீட்டுக்கு வருகிறேன். இல்லை என்றால் அப்பா பேச்சை மீறி அவனைக் கட்ட மாட்டேன், அப்பா காட்டுகிற எவனையும் கட்ட மாட்டேன், அந்த வீட்டு வாசப்படியும் மிதிக்க மாட்டேன். என்ன ஒரு பேரம்! இரண்டு பக்கமும் வெட்டுகிற மாதிரி. கேட்டபோது கோபத்தில் தட்டைத் தள்ளினாலும், உள்ளுக்குள் ஒரு ஓரத்தில், அடடா, இப்படி ஒரு விலையை நம்மால்கூட வைக்க முடியாதே என்று தோன்றியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. "போறேன்டி! போய்ப் பாக்கேன்! சரக்க ஓட்டிப் பாக்காம வேண்டாம்னு சொன்னேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது." உவரிச் சாமிக்குத் தேங்காய் உடைத்தார், குலசாமி. இவருக்கு நீச்சல் தெரியாது என்பது அந்தச் சாமிக்கும் தங்கபுஷ்பத்துக்கும் மட்டும் தெரியும். "பயப்படாதிய, ஒங்க வயிறே மிதக்கும்" என்று புளியோதரையைக் கட்டிக் கொடுத்தாள்.

சளக். சளக். வலது, இடது. பின்னால் அதே மாதிரி சளக், இவருடையதற்கு ஒரு மயிரிழை பிந்தி. மூஞ்சி தெரியாவிட்டால் என்ன, காது இருக்கிறதே என்று நேற்றுத்தான் உறைத்தது. வாழ்க்கையில் முதன்முதலாக வாங்கிய மோட்டாரே அவருக்கு அடி. விற்றவன் எப்பேர்ப்பட்ட மூஞ்சிக்காரன்! திருநீறும் சிரிப்புமாக, பார்த்தாலே காலில் விழத் தோன்றும். பச்சைப் பெயின்ட் அடித்த பிணத்தைத் தலையில் கட்டிவிட்டான், உள்ளே சுருள் கருகிப் போயிருந்தது, உப்பளத்தில் வெந்து சேர்த்த காசு அத்தனையும் போச்சு. அன்றிலிருந்து மோட்டாரை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். மூஞ்சி பொய் சொல்லும், பேரிங் பொய் சொல்லாது. பேரிங் தேய்ந்திருந்தால் ஒரு கரகரப்பு, தண்டு வளைந்திருந்தால் ஒரு முனகல். அப்படியானால் இந்தப் பயலையும் கேட்டுப் பார்த்தால் என்ன? கேட்டார். நேற்றுக் காலை இவர் கத்தினபோது கேட்டார், அவன் துடுப்பு முன்பு விழுந்த மாதிரியேதான் விழுந்தது. தண்ணீரில் பட்ட கையில் சொறிமீன் உரசியதற்கு இவர் கடலையே கெட்ட வார்த்தையில் திட்டினபோது கேட்டார், அவன் வாயை மூடிக்கொண்டு மூக்கால் சிரிக்கிற சத்தம் வந்தது, ஆனால் துடுப்பு தவறவில்லை. அவன் மூச்சு தெரிந்துவிட்டது. களைத்தால் மெல்லப் பாடத் தொடங்குவான், ஒரே அடியை, அதுவும் சுருதி சேராமல். அதுதான் அவன் கரகரப்பு, வேறு இல்லை. நேற்று மதியம் வெயில் மண்டையைப் பிளக்கும்போது ஒரு சோதனை வைத்தார். துடுப்பைத் தண்ணீரில் நனைப்பார், இழுக்க மாட்டார். வெறும் நனைப்பு. பாரம் முழுக்கப் பின்னால் போகும். எந்த மோட்டாருக்கும் பாரம் கூட்டினால் சத்தம் மாறும். மாறும் என்று காத்திருந்தார். பனைக்கூட்டம் ஒன்று வந்து பின்னால் போனது, இன்னொன்று வந்தது, சத்தம் மாறவில்லை, பாட்டு மட்டும் தொடங்கியது. கண்டுகொள்ளாத மண்ணாங்கட்டியா, கண்டுகொண்டும் சொல்லாத கள்ளனா? இரண்டும் மகளுக்கு ஆகாது. ராத்திரி டென்டுக்குள் படுத்தும் அதே கேள்விதான், மண்ணாங்கட்டியா கள்ளனா, மண்ணாங்கட்டியா கள்ளனா என்று அலைகூடக் கேட்டது. மண்ணாங்கட்டி என்றால் கஷ்டம், கள்ளன் என்றால் அதைவிடக் கஷ்டம், மூன்றாவதாக ஒன்று இருக்குமா என்று யோசிப்பதற்குள் தூங்கிவிட்டார். காலையில் அவன், "அண்ணாச்சி, ஒங்க குறட்டையில நண்டெல்லாம் வளைய விட்டு எந்திரிச்சு ஓடிட்டு" என்று கடுங்காப்பியை நீட்டினான். காப்பியில் கருப்பட்டி. இவருக்குச் சீனி ஆகாது என்று யார் சொன்னது? மாரிதான் சொல்லியிருப்பாள். கோபித்துக்கொண்டு போனவள் அப்பாவின் சீனியைப் பற்றி ஏன் சொல்ல வேண்டும்? அந்த இடத்தில் நெஞ்சில் என்னவோ இளகப் பார்த்தது, சட்டென்று காப்பி சூடு பற்றி ஒரு சத்தம் போட்டு அதை அடக்கினார்.

அந்த மீன்காரர் வேறு. நேற்றுச் சாயங்காலம் பெரியதாழை தாண்டி ஒரு ஃபைபர் படகு குறுக்கே வந்து நின்றது. "எலே கிளிட்டஸு, முன்னால யாரு, வெள்ளக்காரனா?" "இல்லண்ணே, நம்ம அண்ணாச்சி." "அண்ணாச்சியா? நடுக்கடல்ல கடை போடப் போறாகளோ?" என்று படகில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். சேர்மத்துரைக்கு ரத்தம் ஏறினாலும் கண் படகின் அடியில் கிடந்த விளமீன் மேல் போய்விட்டது. துள்ளுகிற மீன். கை நமநமத்தது. "என்ன விலை?" என்றார் கண்ணைச் சுருக்கி, மீனில் குறை தேடுகிற பார்வையோடு. "விலையா? பிடிங்க" என்று அந்த மனுஷன் இரண்டு மீனை மடியில் எறிந்தார். இது என்ன அநியாயம்! விலை சொல்லாமல் எவனாவது சரக்குக் கொடுப்பானா? சொன்னால்தானே பாதிக்குக் கேட்கலாம், அவன் முறைத்தால்தானே இவர் முறைக்கலாம். "சும்மா வாங்கிப் பழக்கமில்ல. ஒரு விலையச் சொல்லும்" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். மீன்காரர் எஞ்சினை இழுத்துக்கொண்டே சொன்னார்: "விலை வேணுமா? இந்தப் பய கல்யாணத்துக்கு என்னய மறக்காமக் கூப்பிடச் சொல்லுங்க. பொண்ணு வீட்டுல ஒரு கிறுக்கன் ஒத்துக்கிட மாட்டேங்கானாம்." படகு போய்விட்டது. பின்குழியில் துடுப்பு தண்ணீரில் விழவே இல்லை. பயந்துவிட்டான். பயந்தான் என்பது இவருக்குப் பிடித்திருந்தது, ஏன் பிடித்தது என்று தெரியவில்லை. கத்துவதற்கு வாயைத் திறந்தார், சிரிப்பு வந்தது, மடியில் கிடந்த மீனும் அந்த நேரம் பார்த்து வாலால் வயிற்றில் ஒன்று வைத்தது. அந்த ஒரு விலையை மட்டும் அவரால் குறைத்துக் கேட்க முடியவில்லை. மீனை அவன் வெறும் உப்பும் மிளகும் தடவிச் சுள்ளியில் சுட்டான். இப்போதும் விரலை முகர்ந்தால் வாசம் இருக்கிறது, துடுப்பு போடும்போது ஒவ்வொரு தடவையும் வலது கை மூக்கைத் தாண்டிப் போகையில் கொஞ்சம் மீன், கொஞ்சம் புகை.

சுண்ணாம்புப் பொட்டு வளர்ந்துவிட்டது. கோயில், அதன் சுவர், கீழே பாறை, பாறையில் அடிக்கிற வெள்ளை நுரை எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. எண்ணெய்க் கடலும் எங்கோ போய்விட்டது. முனைக்குப் பக்கத்தில் தண்ணீர் ஒரு திசையில் வராமல் நாலு பக்கமிருந்தும் வந்து ஒன்றோடொன்று முட்டியது, சந்தைக்கூட்டம் மாதிரி. பிட்டத்துக்கு அடியில் படகு நெளிவதை உணர்ந்தார். இப்போது கவிழ்ந்தால்? மூக்கில் உப்புத்தண்ணீர் ஏறும், கண் எரியும், மேலே எது கீழே எது என்று தெரியாது, மாரி அந்தப் பக்கம் நிற்பாள், பாறை மறைக்கும், அப்பா வரவே இல்லை என்று நினைப்பாள், பயந்து திரும்பிவிட்டார் என்று நினைப்பாள். சாவதைவிட அதுதான் கேவலம். "அண்ணாச்சி" என்றது பின்குரல், எப்போதும் போல. "முனையில நீவாடு இழுக்கும்." நீரோட்டத்துக்கு அவன் ஊரில் அந்தப் பெயர். "நேத்து மத்தியானம் மாதிரி நனைச்சு நனைச்சு எடுக்காம, இப்ப நெசமாவே இழுக்கணும்." சேர்மத்துரையின் காது மடல் சுட்டது. துடுப்பு அந்தரத்தில் நின்றது. "தெரியுமால ஒனக்கு?" "பின்னால இருக்கவனுக்கு ஒங்க முதுகப் பாக்கத விட்டா வேற என்ன வேலை அண்ணாச்சி?" "அப்பவே சொல்லித் தொலைய வேண்டியதுதான!" "நீங்க களைச்சிருந்திய. சொன்னா ரோசத்துல துடுப்ப மடியில வச்சிருப்பிய. இழுக்காட்டியும் நீங்க நனைக்கத வச்சுத்தான் எனக்குத் தாளம். அது நின்னுச்சுன்னா ரெண்டு பேரும் போக முடியாது." ஆக, மண்ணாங்கட்டியும் இல்லை, கள்ளனும் இல்லை. சரக்கில் குறையைக் கண்டுபிடித்துவிட்டு, அதைச் சொல்லி விலையைக் குறைக்காமல், அந்தக் குறையிலும் என்ன உபயோகம் என்று பார்த்திருக்கிறான். இப்படி ஒரு வியாபாரியை அவர் இதுவரை கண்டதில்லை. இவன் கிட்டங்கியில் உட்கார்ந்தால் கிட்டங்கி உருப்படாது. ஆனால் வீட்டில் உட்கார்ந்தால்? களைத்துப்போன நாளில் எதிரே இருக்கிறவளின் வெறும் நனைப்பையும் தாளம் என்று எடுத்துக்கொள்கிறவன்? மேலே யோசிக்க விடாமல் ஒரு அலை பக்கவாட்டில் வந்து காதில் அறைந்தது.

"தாளத்த வுடாதிய! எண்ணிட்டுப் போடுங்க!" எதை எண்ணுவது? வாயில் தானாக வந்தது பழைய இரும்பு ஏலத்தில் தொண்டை கிழியக் கத்திக் கத்திப் பழகின ஒன்றுதான். "ஒரு தரம்!" வலது. "ரெண்டு தரம்!" இடது. "ஒரு தரம்! ரெண்டு தரம்!" இழுத்தார், தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி இழுத்தார், உப்பள வண்டியைச் சின்ன வயதில் இழுத்த மாதிரி, கருகிய மோட்டாரைக் கேரியரில் கட்டித் திரும்ப ஓட்டி வந்த மாதிரி. பின்னாலும் அதே இழுப்பு, ஒரு மயிரிழை பிந்தி, அந்த மயிரிழைகூட இப்போது இல்லை, இரண்டு துடுப்பும் ஒரே சத்தமாக விழுந்தன. இப்படி ஓடுகிற மோட்டாரை எவன் கொண்டுவந்தாலும் விலை கேட்காமல் வாங்கிவிடலாம். பாறை வெகுவாக நெருங்கியது, அவன் காலில் இருந்த சுக்கான் விலக்கியது, நுரை மூஞ்சியில் தெறித்தது, "வாலே! வந்து பாருலே!" என்று கடலைக் கூப்பிட்டுத் திட்டினார், பயம் எங்கே என்று தேடினால் அது இருந்தது, ஆனால் அதற்கு உட்கார இடம் கிடைக்காமல் நின்றுகொண்டிருந்தது. "ஒரு தரம்! ரெண்டு தரம்!" மூச்சிரைப்புக்கு நடுவே பின்குழி கேட்டது, "மூணாந்தரம் எப்ப அண்ணாச்சி?" "வாய மூடிட்டுத் துடுப்பப் போடுல!" மூணு தரம் என்றால் சரக்கு கைமாறிவிட்டது என்று அர்த்தம். அது அவனுக்கும் தெரிந்திருக்கிறது. கள்ளன்தான்.

முனை பின்னால் போனதும் யாரோ கதவைச் சாத்தின மாதிரி எல்லாம் அடங்கியது. வளைந்த கரை, கலங்காத பச்சைத் தண்ணீர், இழுத்துப் போட்ட வள்ளங்கள், கரையில் ஓர் ஆள். மஞ்சள் சுடிதார். அவள்தான். இங்கிருந்தே தெரிந்தது, கையைக் கட்டிக்கொண்டு ஒரு காலில் பாரம் போட்டு நிற்கிற தோரணை, அவருடைய தோரணை. மூஞ்சியைப் பார்த்தே தெரிந்துகொள்வேன் என்றும் அம்மாவிடம் சொல்லியிருந்தாளாம். மூஞ்சியை என்ன செய்வது என்று சேர்மத்துரைக்குத் தெரியவில்லை. சிரித்தால் மலிந்துவிடும். முறைத்தால் போய்விடுவாள். வியாபாரத்தில் ஒரு மூஞ்சி உண்டு, வேண்டும், ஆனால் இல்லாவிட்டாலும் சரி என்கிற மூஞ்சி. அதைத் தேடி எடுத்து மாட்டப் பார்த்தார், மூன்று நாள் வெயிலில் தோல் உரிந்த கன்னம் எரிந்ததே தவிர மூஞ்சி உட்காரவில்லை. அந்த யோசனையில் தாளம் விட்டுப்போனது. கரைக்குப் பக்கத்தில், கழுத்தளவுகூட இல்லாத ஆழத்தில், ஒரு கைக்குழந்தை அலை வந்தது. முனையில் பாறையையே ஏய்த்துவிட்டு வந்த படகு அந்தக் குழந்தை அலைக்கு மரியாதையாகத் தலை குனிந்து கவிழ்ந்தது. பச்சை. குமிழி. காதுக்குள் ஒரு பெரிய அமைதி. இதுதானா, இவ்வளவுதானா என்று நினைப்பதற்குள் ஒரு கை மிதவைச் சட்டையின் பிடரியைப் பிடித்துத் தூக்கியது. "அண்ணாச்சி! அண்ணாச்சி! காலக் கீழ வைங்க, நிக்கலாம்!" நின்றார். தண்ணீர் இடுப்புக்குத்தான் இருந்தது. துப்பினார், இருமினார், அந்த இருமலுக்கு நடுவிலும் ஒன்று உறைத்தது. பயல் பதறிப்போன நேரத்தில்கூட அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறான். அன்றைக்குச் சொன்னதை இன்றுவரை மீறவில்லை. என்ன ஒரு வீம்பு! யாராவது ஒருத்தன் சொன்னதைச் சொன்னபடி இப்படிக் கேட்பானா?

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது மாரி நடந்துகொண்டிருந்தாள். இவர்களை நோக்கி அல்ல, எதிர்த்திசையில், மேட்டில் நின்ற காரைப் பார்த்து. இருமின மூஞ்சியைப் பார்த்து முறைப்பு என்று எடுத்துக்கொண்டாளோ? போய்விட்டாளா? அவ்வளவுதானா? பிறகு நடையைப் பார்த்தார். வேகமாக இல்லை. நின்று நின்றும் இல்லை. நடுவாந்தரம். குனிந்து ஒரு சிப்பியை எடுத்தாள், அதை முன்பின் பார்க்காத மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள், போட்டாள், நடந்தாள். பைக்குள் சாவியைத் தேடினாள். அடி கள்ளி! செம்பருத்தி! அவருக்குக் கழுத்து வரை சிரிப்பு பொங்கியது, கூடவே வேறொன்றும் பொங்கியது, உப்புத்தண்ணீர் நல்லதாகப் போயிற்று. எத்தனை பேரை இந்த நடையில் அலற வைத்திருக்கிறார், கூப்பிடுகிறவன் பாடு என்ன என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. கூப்பிடாமல் விட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். கார்த்திகையிலிருந்து தெரியும். "ஏட்டி மாரி!" என்றார். குரல் உடைந்து பாதி வழியிலேயே விழுந்தது. அவள் திரும்பவில்லை. திரும்ப மாட்டாள், முதல் கூப்பாட்டுக்குத் திரும்பக் கூடாதே. விலையை ஏற்ற வேண்டும். "ஏட்டி! பய நல்லாத்தான் ஓட்டுதான்! கேக்குதா?" நடை குறைந்தது. குறைந்ததே தவிர நிற்கவில்லை, தலை லேசாகச் சாய்ந்தது, இன்னும் மேலே போ என்கிற சாய்வு. எவ்வளவு கறார்! பெற்ற அப்பனிடம் ஒரு பைசா விடமாட்டாள் போலிருக்கிறதே. சேர்மத்துரை நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார், ஏலக்கூட்டத்தின் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்பது போல. "அங்க என்னட்டி சிப்பி பொறுக்கிட்டு நிக்கே? மாப்பிள்ள நனைஞ்சுபோய் நிக்காரு, ஒரு துண்டு எடுத்துட்டு வா!"

மஞ்சள் சுடிதார் நின்றது. திரும்பியது. அந்தத் தூரத்தில் மூஞ்சி சரியாகத் தெரியவில்லை, தெரிய வேண்டிய அவசியமும் இல்லாமல் இருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவள் மணலில் ஓடி வருகிற சத்தமே போதும். அவர் இடுப்பளவு தண்ணீரில் இரண்டு கையையும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பின்னால் எச்சில் விழுங்குகிற சத்தம். பிறகு ஒரு குரல், சுருதி சேராமல்.

"மாமா... ஒங்க செருப்பு மிதந்து போவுது."

"போனாப் போவுதுல" என்றார் சேர்மத்துரை, திரும்பிப் பார்க்காமலே.